செல்வி கட்டும் கப்பல்

விழுப்புரம்
6.7.2024

அன்புத் தங்கை செல்விக்கு அண்ணன் ஆனந்தராஜ் எழுதுவது. இயேசுவுக்கே புகழ். நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய். அதனால் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா?

இங்கே வந்த புதிதில் பேனா பிடிக்கவே வரவில்லை. கை அப்படி உதறியது. இந்த மறுவாழ்வு இல்லத்தில் ஆறு மாதத்துக்குப் போன் கிடையாது. கடிதம் எழுதலாம், அதையும் வார்டன் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம்.

அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது என்று எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள், அது தெரியும். அப்புறம் பக்கத்து வீட்டு விருத்தாசலம் மாமா என்னை இங்கே கொண்டுவர ஆட்டோவில் திணித்தது தெரியும். நடுவில் ஒன்றுமில்லை. யாரையாவது ஏசினேனா? ஏசியிருந்தால் மறைக்காமல் எழுது.

இப்போது முக்கியமான விஷயம். லேப்டாப்பைத் திற. உனக்குப் பள்ளியில் அரசாங்கம் கொடுத்ததை நான் பிடுங்கிக்கொண்டேனே, அதேதான். அதில் தலையில் குமிழ் வைத்த பொம்மைக் கட்டைகளைப் பொருத்திப் பொருத்திக் கட்டுகிற புரோகிராம் இருக்கிறது. கையில் கட்டை எதுவும் வேண்டாம், எல்லாம் திரையில்தான். அதில்தான் என் கப்பல் பாதியில் நிற்கிறது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் புதுச்சேரியிலிருந்து ரியூனியன் தீவின் கரும்புத் தோட்டத்துக்குக் கூலி ஆட்களை ஏற்றிப்போன, மூன்று பாய்மரம் வைத்த கப்பல். எங்கள் இணையக் குழுவில் எல்லாரும் பீரங்கி வைத்த போர்க்கப்பலாகவே கட்டுகிறார்கள். ஆள் ஏற்றிய கப்பலை யாரும் தொடவில்லை. ஜனவரிக் கண்காட்சிக்கு நான் வைக்கிறேன் என்று பெயர் கொடுத்திருக்கிறேன்.

மீதியை இங்கிருந்து எழுதுகிறேன், நீ வை. கம்பெனியில் டிராயிங் போடும் வேலை போனபிறகு எனக்கு என்று இருப்பது அது ஒன்றுதான். ஒன்றும் இல்லாமல் வெளியே வந்தால் நேராக எந்தக் கடைக்குப் போவேன் என்று உனக்கே தெரியும்.

உன் அண்ணன்,
ஆனந்தராஜ்


திண்டிவனம்
27.7.2024

அண்ணனுக்குச் செல்வி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. உனக்குச் சாப்பாடு இறங்குகிறதா?

உடனே பதில் போட முடியவில்லை. ஸ்வீட் கடையில் ஒரு பெண் நின்றுவிட்டாள், அவள் வேலையும் என் தலையில். எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே, நின்றபடியே எழுதுகிறேன்.

நீ யாரையும் ஏசவில்லை. வழக்கம்போல் பேசினாய், வழக்கம்போல் விழுந்தாய். அதையே நினைத்துக்கொண்டு கிடக்காதே.

லேப்டாப்பைத் திறந்தேன். கப்பல் இருக்கிறது. ஆனால் நீ பாட்டுக்கு மீதியை மட்டும் எழுதினால் எனக்கு ஒரு மண்ணும் விளங்காது. அடிப்பாகத்திலிருந்து எப்படிக் கட்டினாய், எந்தக் கட்டை எத்தனை குமிழ் நீளம், எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுது. அது புரிந்தால்தான் மேலே வைக்க முடியும். பொறுமையாக எழுது. உனக்கு அங்கே வேறென்ன வேலை?

உடம்பைப் பார்த்துக்கொள்.
செல்வி


விழுப்புரம்
5.8.2024

அன்புத் தங்கைக்கு. உன் கடிதம் வந்தது, சந்தோஷம். இப்போது சாப்பாடு இறங்குகிறது. கை உதறல் குறைந்திருப்பதை இந்த எழுத்திலேயே பார்ப்பாய். உன் எழுத்துக்குத்தான் குடிகாரன் கை வந்திருக்கிறது. கோடு போட்ட தாளில் எழுதியும் ஒரு வரி இன்னொரு வரியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. முதலாளியிடம் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கு.

அடிப்பாகம் முழுவதையும் பின்பக்கத் தாள்களில் படம் போட்டு அனுப்புகிறேன். உயரமாக இருப்பது கட்டை, மெலிதாக இருப்பது பட்டை. மூன்று பட்டையை அடுக்கினால் ஒரு கட்டை உயரம். நடுவில் முதுகெலும்பு மாதிரி நீளக்கட்டை ஓடும். அதற்குமேல் இடது பாதியை மட்டும் கட்டு. முடிந்ததும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி வலது பாதியை வைத்துவிடலாம்.

என் பக்கத்துப் பாயில் கண்டாச்சிபுரம் ராயப்பன் என்று ஒருவர். கட்டட வேலைக்காரர். நான் படம் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னா சார், பில்டிங்கா?" என்றார். கப்பல் என்றேன். "கடலுக்குப் போறவனுக்கு வூடு கட்டிக்கினு இருக்கீங்களா?" என்றார். இப்போது என்னைவிட அவருக்குத்தான் அவசரம். தங்கச்சி கடிதம் வந்ததா என்று தினமும் கேட்கிறார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு நீயும் வா.

ஆனந்தராஜ்


திண்டிவனம்
28.8.2024

அண்ணனுக்கு. நாங்கள் சுகம். நீயும் அந்த ராயப்பன் அண்ணனும் சுகமாக இருக்கவேண்டும் என்று அம்மா செபமாலை சொல்கிறாள்.

ஞாயிறு எங்கள் கடையில் கூட்டம் அதிகம், நான் வரத் தோதுப்படாது. அம்மா வந்தாளே, போதாதா?

நீ அனுப்பிய படத்தை வைத்து அடிப்பாகத்தைச் சரிபார்த்தேன், அப்படியே இருக்கிறது. இடது பாதி மேல்தளம்வரை வந்துவிட்டது. ராத்திரி அம்மா தூங்கியபிறகு உட்கார்ந்து வைக்கிறேன். எல்லாம் ஒரே தடவையில் உட்கார்ந்துவிடுகிறது. நீ என்னமோ பெரிய வித்தை மாதிரி பேசுவாய்.

ஒன்று கேட்கவேண்டும். மேல்தளத்துக்கும் அடித்தளத்துக்கும் நடுவில் இவ்வளவு குறைச்சலாக உயரம் வைத்திருக்கிறாயே, அங்கே என்ன வைப்பார்கள்? மூட்டையா?

செல்வி


விழுப்புரம்
8.9.2024

அன்புத் தங்கைக்கு. உன் நலத்துக்கும் அம்மா நலத்துக்கும் இங்கே காலைச் செபத்தில் வேண்டிக்கொள்கிறேன்.

அங்கேதான் ஆட்கள் படுத்தார்கள். உட்கார்ந்தால் தலை இடிக்கும். காற்றுக்கு மேலே ஒரு மூடி, அலை அடித்தால் அதையும் சாத்திவிடுவார்கள். ஏஜெண்டு சாராயம் வாங்கிக் கொடுத்துக் கைநாட்டு வாங்கிக்கொள்வானாம். போதை தெளிந்து கண்ணைத் திறந்தால் நாலு பக்கமும் தண்ணீர். அதைப் படித்த அன்றைக்குத்தான் இந்தக் கப்பலைக் கட்டவேண்டும் என்று முடிவு செய்தேன். என் கதையும் அதுதானே, இந்த ஹாலில்தானே எனக்குக் கண் விழித்தது.

படுக்கை வரிசை எப்படி இருக்கவேண்டும் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. ராத்திரி எழுந்து இந்த ஹாலைப் பார்த்தால் போதும். ஒருவன் காலடியில் இன்னொருவன் தலை. அதேபோல் படம் போட்டிருக்கிறேன், மாற்றாமல் வை.

ராயப்பன் போன மாதக் கடைசியில் வீட்டுக்குப் போனார். மகளுக்கு வளைகாப்பு என்று கெஞ்சிக் கேட்டுப் போனவர். பஸ் ஸ்டாண்டிலேயே குடித்திருக்கிறார். அதிலிருந்து ஐந்தாம் நாள் ஏரிக்கரையில் செத்துக் கிடந்தாராம். வார்டன் காலைச் செபத்தில் சொன்னார். அவர் பாயை மடித்து வைத்திருக்கிறார்கள், இன்னும் யாரும் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, செல்வி. பொய் சொல்லவில்லை.

கப்பலை ஒரு தடவை பார்க்கவேண்டும். திரையில் இருப்பதைப் பிரிண்ட் எடுத்து அனுப்பு. தலைமாட்டில் ஒட்டிக்கொள்வேன்.

ஆனந்தராஜ்


திண்டிவனம்
25.9.2024

அண்ணனுக்கு. ராயப்பன் அண்ணன் செய்தி கேட்டு அம்மா அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. பார்த்ததே இல்லை, ஆனாலும் அழுதாள். நீ தைரியமாக இரு. அவர் வேறு, நீ வேறு. உனக்குக் கப்பல் இருக்கிறது.

பிரிண்ட் எடுக்கப் போனேன். கடைக்காரன் இந்த ஃபைல் எங்கள் மிஷினில் திறக்காது என்று திருப்பி அனுப்பிவிட்டான். வேறு கடையில் கேட்கிறேன்.

படுக்கை வரிசையை நீ சொன்னபடி வைத்துவிட்டேன். வைத்து முடித்ததும் மேல்தளத்தைப் போட்டு மூட மனசு வரவில்லை. மூடினால் உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும்? இரண்டு நாள் அப்படியே திறந்து வைத்திருந்துவிட்டு அப்புறம் மூடினேன்.

அடுத்து முன்பக்கம்தானே? சீக்கிரம் எழுது. தீபாவளி நெருங்கினால் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

செல்வி


விழுப்புரம்
4.10.2024

அன்புத் தங்கைக்கு. நலம், நாடுவதும் அதுவே. எடை கூடியிருக்கிறேன். வார்டன் என்னைச் சமையல்கட்டுச் சாமான் பொறுப்பில் போட்டிருக்கிறார். ஒரு குடிகாரனை நம்பி ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள் என்று பெருமையாக எழுதுகிறேன், நீ சிரிக்கலாம்.

முன்பக்கம்தான் கப்பலிலேயே கஷ்டமான இடம். இரண்டு பக்கமும் குறுகிக் குறுகி வந்து ஒரு முனையில் சேரவேண்டும். கட்டை எல்லாம் சதுரம், கப்பலோ வளைவு. நான் பல தடவை பிரித்துப் பிரித்துக் கட்டி, கடைசிவரை சரியாக வராத இடம் அதுதான். நீளப் பட்டைகளைச் சாய்த்து வை. இடித்தால் திரையில் சிவப்பாகக் காட்டும். காட்டினால் ஒரு குமிழ் தள்ளி வை. அப்படியும் முனையில் சந்து விழும். எவ்வளவு சந்து விழுகிறது என்று எழுது, சின்னத் துண்டுகளாக வைத்து அடைக்க யோசனை சொல்கிறேன்.

அவசரப்படாதே. இதில் நீ தோற்றால் தப்பில்லை.

ஆனந்தராஜ்


திண்டிவனம்
22.10.2024

அண்ணனுக்கு. எல்லாரும் சுகம். ஸ்டோர் ரூம் சாவி விஷயத்தை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். விருத்தாசலம் மாமா கூட, "பையன் திருந்திட்டான் போல" என்றாராம்.

தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது. ஜாங்கிரி அடுக்கி அடுக்கிக் கையெல்லாம் பிசுபிசுப்பு. ஆனாலும் முன்பக்கத்தை முடித்துவிட்டேன், தெரியுமா? நீ சொன்ன மாதிரியே முனையில் ஒரு விரல் அகலம் சந்து விழுந்தது. பட்டையை லேசாக வளைத்து அழுத்திப் பிடித்தேன். அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது. இதற்குப் போயா இவ்வளவு நாள் பயமுறுத்தினாய்?

இனி பாய்மரம் மூன்றும் கயிறும்தானே. நீ வருவதற்குள் முடித்துவிடலாம்.

உனக்குத் தீபாவளிக்கு மிக்சரும் அதிரசமும் அம்மா கொண்டுவருவாள்.

செல்வி


திண்டிவனம்
18.11.2024

அண்ணனுக்கு. நாங்கள் நலம். நீ நலமா என்று தெரியவில்லை. பாய்மரத்துக்கு அளவு வரும் வரும் என்று பார்த்து ஏமாந்ததுதான் மிச்சம்.

போன ஞாயிறு உன்னைப் பார்த்துவிட்டு வந்த அம்மா நேராகப் போய்ப் படுத்துக்கொண்டாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். ஒன்றுமில்லாததற்கு யாராவது இப்படிச் சோற்றைத் தள்ளிவிடுவார்களா?

அங்கே யாராவது உன்னை ஏதாவது சொன்னார்களா? மறுபடி அந்த ஆசை வருகிறதா? வந்தால் வந்தது என்று எழுது. நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கெடுத்துக்கொள்ளாதே. ஒரு வரியாவது எழுது.

செல்வி


திண்டிவனம்
8.12.2024

அண்ணனுக்கு. உங்கள் இல்லத்தில் யாருக்கும் ஒன்றும் இல்லை என்று விருத்தாசலம் மாமா விசாரித்துச் சொன்னார். ஆண்டவருக்கு நன்றி. நாங்களும் உயிரோடு இருக்கிறோம்.

புயல் மழை இங்கே ஆடிவிட்டுப் போய்விட்டது. ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வந்து வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அம்மாவை மாமா வீட்டு மாடியில் ஏற்றினோம். அரிசி, துணி, பாய் எல்லாம் போயிற்று. சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக்கோடு நிற்கிறது.

லேப்டாப்பும் போய்விட்டது. கீழ்த்தட்டில் வைத்திருந்தேன், தண்ணீர் வந்ததும் முதலில் அம்மாவைத்தான் பார்த்தேன். ரிப்பேர்காரனிடம் கொடுத்துப் பார்த்தேன், உள்ளே ஒன்றும் மிஞ்சவில்லை என்கிறான். கப்பலும் அதோடு போயிற்று. என்ன செய்வது, இது யார் தப்பும் இல்லை. மழை செய்த வேலை.

இதைக் கேட்டு மனசைவிட்டுவிடாதே. நீ வந்ததும் பழைய லேப்டாப் ஒன்று பார்த்து வாங்கலாம். உன் படங்கள் எல்லாம் உன் தலையிலேயே இருக்கின்றன. அடுத்த ஜனவரிக்குக் கட்டிக்கொள்ளலாம்.

செல்வி


விழுப்புரம்
14.12.2024

செல்விக்கு.

நீயும் அம்மாவும் பத்திரமாக இருப்பது தெரிந்து நிம்மதி. நான் குடிக்கவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

லேப்டாப் மழையில் போனது என்று எழுதியிருக்கிறாய். அதை நம்பிவிட்டால் எனக்கு நல்லது. ஒரு நாள் முழுக்க நம்பிப் பார்த்தேன், முடியவில்லை.

அட்டையை வளைக்கலாம். கையில் பிடிக்கிற பிளாஸ்டிக் பட்டையைக்கூடக் கொஞ்சம் வளைக்கலாம். திரையில் இருக்கிற பட்டை வளையாது, செல்வி. எவ்வளவு அழுத்தினாலும் வளையாது. அந்தச் சந்தை அடைக்க முடியாமல்தான் நான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்திருந்தேன். நீ வளைத்து வைத்தேன் என்று எழுதியதைப் படித்ததுமே உன் முன்னால் லேப்டாப் இல்லை என்று தெரிந்துவிட்டது. அதற்குமேல்தான் மற்றதெல்லாம் வரிசையாக வந்தது. அடிப்பாகத்தை முதலிலிருந்து எழுதச் சொன்னாய். பிரிண்ட் வரவே இல்லை. வரி மேல் வரி ஏறிய உன் எழுத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வராத நீ.

போன மாதம் அம்மா வந்தபோது அவளிடம் கேட்டேன். "லேப்டாப்ப யார் மேலம்மா எறிஞ்சேன்?" என்றேன். எறிந்தேன் என்று எனக்கு ஞாபகம் வந்து கேட்கவில்லை. வாயில் அப்படித்தான் வந்தது. அம்மா அவித்த மல்லாட்டையை உரித்து உரித்து என் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். கை நிறைந்து கீழே கொட்டியும் நிறுத்தவில்லை. அப்புறம், "அவதான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினா" என்றாள்.

இங்கே என்னைத் திருந்திவிட்டான் என்கிறார்கள். எதிலிருந்து திருந்தினேன் என்று எனக்கே தெரியாமல் இருக்கிறது. 28ஆம் தேதி விடுகிறார்கள். இல்லையென்றால் இங்கேயே சமையல்கட்டில் இருந்துவிடு என்றும் வார்டன் சொல்கிறார். உன் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

எங்கே பட்டது?

ஆனந்தராஜ்


திண்டிவனம்
23.12.2024

அண்ணனுக்குச் செல்வி எழுதுவது. அம்மா சுகம். என் சுகத்தை நீ கேட்டுவிட்டாய், அதனால் இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன்.

இடது கண்ணில் பட்டது. நீ ஒளித்து வைத்திருந்த பாட்டிலை நான் எடுத்துச் சாக்கடையில் ஊற்றினேன். நீ கையில் கிடைத்ததை எடுத்து எறிந்தாய். உன் மடியில் அப்போது லேப்டாப்பில் கப்பல் திறந்திருந்தது, அதுதான் கையில் கிடைத்தது. அதன் மூலை பட்டது. புதுச்சேரியில் காட்டினோம். வெளிச்சம் வந்தால் தெரிகிறது, வேறொன்றும் தெரியாது, இனி தெரியப்போவதும் இல்லை என்றார்கள். கீழே விழுந்ததில் லேப்டாப் இரண்டாகிவிட்டது. நீ அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டாய்.

கப்பலை ஸ்வீட் பெட்டி அட்டையில் கட்டினேன். கடையில் கிழிந்த பெட்டிகளைக் கொண்டுவந்து உன் படத்தைப் பார்த்துக் கட்டை கட்டையாக வெட்டி ஒட்டினேன். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் சரியாகப் பிடிபடாது, கத்தரி விரலில் ஏறும். பசை ஒரு இடத்தில் வைத்தால் அட்டை இன்னொரு இடத்தில் உட்காரும். உன்மேல் பாசத்தில்தான் கட்டினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பாதி ராத்திரி உன்னைத் திட்டிக்கொண்டேதான் கட்டினேன். நீ நடந்ததைத் தெரிந்துகொண்டால் மறுபடி குடிப்பாய், ராயப்பன் மாதிரி எங்கேயாவது கிடப்பாய், அம்மாவை வைத்துக்கொண்டு நான் உன்னைத் தேடி வரவேண்டும். அந்தப் பயத்தில் கட்டினேன். அப்புறம் போகப் போகக் கப்பல் எனக்கே பிடித்துப்போனது. அது வேறு விஷயம்.

மழையில் கப்பல் போனது மட்டும் பொய் இல்லை. தண்ணீர் வடிந்தபிறகு பார்த்தேன், அட்டை ஊறிப்போய்க் கையில் எடுத்தாலே கூழாக வந்தது. வாசலில் குப்பையோடு அள்ளிப் போட்டேன். அன்றைக்குத்தான் அழுதேன். கண் போனபோதுகூட அவ்வளவு அழவில்லை.

வருவதா வேண்டாமா என்று என் தலையில் கட்டுகிறாய். வா. அம்மாவுக்கு நீ வேண்டும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் ஆள் வேண்டும். ஆனால் வந்ததும் என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. நீ கேட்டால் அம்மா முன்னால் மன்னித்துவிட்டேன் என்று நான் சொல்லவேண்டி வரும். நான் இன்னும் மன்னிக்கவில்லை. எப்போது முடியும் என்றும் தெரியாது. அதுவரை நீ குடிக்காமல் இருக்க முடியுமா என்று பார்.

விழுப்புரம் பஸ் எல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குள் வருவதில்லை, மேம்பாலத்துக்குக் கீழேயே இறக்கிவிடுவான். சனிக்கிழமை மதியம் அங்கே வந்து நிற்கிறேன். கூட்டத்தில் என்னைப் பார்த்தால் வலது பக்கமாக வா. இடது பக்கம் வந்து நின்றால் நீ வந்தது எனக்குத் தெரியாது.

செல்வி